நாலு கட்டை

கலெக்டர் ஆபீசைக் கடலூரில் அந்தக் காலத்தில் கச்சேரி என்றுதான் சொல்வோம். நான் அங்கே நகல் குமாஸ்தா. ஆறு நாள் அந்தக் கச்சேரி, ஏழாம் நாள் பாட்டுக் கச்சேரி என்று என் மனைவி கேலி செய்வாள். பிறர் எழுதிய மனுக்களையும் தீர்ப்புகளையும் பத்திரங்களையும் நல்ல கையெழுத்தில் திருப்பி எழுதுவது என் வேலை. நல்ல நகல் குமாஸ்தா எழுத்தைத்தான் பார்ப்பான், விஷயத்தைப் பார்க்கமாட்டான் என்று தலைமைக் குமாஸ்தா அடிக்கடி சொல்வார். நான் விஷயத்தைத்தான் பார்த்தேன். மங்கலம்பேட்டையில் யார் வீட்டு வேலி எத்தனை முழம் நகர்ந்தது, அண்ணாகிராமத்தில் எந்தப் பலாமரத்துக்காக எந்த அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் தெரியாமல் என்னால் இருக்க முடியாது.

இந்தக் குணம்தான் என்னை வாத்திய கோஷ்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. முதுநகரில், துறைமுகம் போகும் வழியில் ஒரு மரவாடி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போகும்போது உள்ளேயிருந்து வயலினும் கிளாரினெட்டும் கேட்டன. மரம் விற்கிற இடத்தில் என்ன சங்கீதம் என்று எட்டிப் பார்த்தேன். அறுத்த பலகைகளுக்கு நடுவே பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ரயில்வே பார்சல் ஆபீஸ்காரர் ஒருவர் கிளாரினெட். மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கும் கிறிஸ்தவ வாத்தியார் இங்கே ஆர்மோனியம். தபாலாபீசில் கடிதம் பிரிப்பவர் மிருதங்கம். எல்லாரும் சம்பளத்துக்கு வேறு வேலை பார்ப்பவர்கள். எட்டிப் பார்த்தவன் அடுத்த வாரமும் போனேன். பிறகு என் ஜலதரங்கக் கிண்ணங்களைப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கிண்ணங்கள் பதினாறும் யுத்தத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு பீங்கான் கடையில் தட்டித் தட்டிப் பொறுக்கியவை. கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினால் சுருதி இறங்கும். ஊற்ற ஊற்ற இன்னும் இறங்கும். ஏற்றுவதற்கு வழி கிடையாது. காலிக் கிண்ணம் என்ன சத்தம் போடுகிறதோ அதுதான் அதன் உச்சம். என் கிண்ணங்கள் ஒரு கட்டை சுருதிக்கு வாங்கியவை. கோஷ்டியும் ஒரு கட்டையில்தான் வாசித்தது. அதனால் பொருந்திப் போனது.

கோஷ்டியை நடத்தியவர் போலீஸ் பாண்டில் இருந்து ஓய்வு பெற்ற பாண்டு மாஸ்டர். கையில் குச்சி இல்லாமல் அவரால் பேச முடியாது. அவருக்கு என் கிண்ணங்களைக் கண்டாலே ஆகாது. வாத்தியம் என்றால் தோளில் மாட்டவோ மடியில் வைக்கவோ வேண்டும், தண்ணீர் பிடித்து வைப்பதெல்லாம் பொருட்காட்சி வேடிக்கை என்பார். என்னைக் 'கிண்ணம்' என்றே கூப்பிடுவார். செயலாளர் மரவாடிக்காரர். அவருக்குச் சங்கீதம் துளியும் தெரியாது. அதற்காகவே அவரைச் செயலாளராக வைத்திருந்தார்கள், தெரிந்தவர் யாரை வைத்தாலும் மற்றவர் சண்டை போட்டார்கள். எங்கள் தெருக்காரர், உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

யுத்தம் வந்து கோஷ்டியை நிறுத்திவிட்டது. கடற்கரை ஊர், விளக்கேற்றக்கூடாது என்று உத்தரவு. பாதிப் பேர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் போனார்கள். யுத்தம் முடிந்த மறு வருஷம் ஐப்பசியில் எல்லாரும் மறுபடியும் மரவாடியில் கூடினோம். தை மாதம் புது சீசன் தொடங்குவது, சித்திரை வரை மாதம் ஒரு கச்சேரி, முதல் கச்சேரிக்கு வெளியூரிலிருந்து ஒரு வித்துவானை அழைப்பது என்று பேச்சு ஆரம்பித்தது. ஆரம்பித்த உடனேயே மாஸ்டர் குச்சியால் என் பக்கம் காட்டினார்.

"இந்த சீசன்லேந்து கிண்ணம் வேணாம்னு நெனைக்கிறேன் மேன். நாலு பேர் மதிக்கிற கோஷ்டியா ஆவணும்."

சொன்னால் சிரிப்பீர்கள், முப்பது வயது ஆள், பெண்டாட்டி பிள்ளை உள்ளவன், ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இல்லையென்றால் மற்ற ஆறு நாளும் எதற்கு என்று எனக்குத் தோன்றிவிட்டது. வாரமெல்லாம் அடுத்தவன் வார்த்தையை எழுதுகிறவனுக்குத் தன் கையால் ஒரு சத்தம் எழுப்புவது சின்ன விஷயம் இல்லை. மரவாடி மாமாதான் பேசினார்.

"மொதல் கச்சேரி வரைக்கும் இருக்கட்டும் மாஸ்டர். அதுல சரிப்படலன்னா நானே அவன வேணாம்னு சொல்லிடறேன்."

மாஸ்டர் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஆக, முதல் கச்சேரிதான் எனக்குப் பரீட்சை. அதில் தேறினால் உண்டு, இல்லையென்றால் கிண்ணங்களில் ஊறுகாய்தான் போட வேண்டும்.

விருந்தாளியாக வரப்போவது சிதம்பரத்தில் புல்லாங்குழல் வாசிக்கும் ஒரு அம்மாள் என்று முடிவானது. எங்களில் ஒருவரும் பெண் குழல் வாசித்துப் பார்த்ததில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையே நடக்கவில்லை, பேச்சுத்தான். பெண்ணுக்கு அவ்வளவு மூச்சு இருக்குமா என்று ஒரு வயலின்காரர் கேட்டார். பிள்ளை பெறுகிறவளுக்கு மூச்சு இல்லை என்று உனக்கு யார் சொன்னது என்று இன்னொரு வயலின்காரர் கேட்டார். மூக்குத்தி போட்டிருந்தால் குழல் இடிக்காதா என்று மிருதங்கக்காரருக்கு ஒரு சந்தேகம். அது எனக்கும் இருந்தது. இரண்டு நாள் வீட்டில் என் மனைவியின் முகத்துக்கு நேரே ஊதாங்குழலைக் குறுக்கே பிடித்துப் பார்த்தேன். அவள் ஊதாங்குழலைப் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த அம்மாளிடமிருந்து கடிதம் வந்த நாள் நான் மரவாடியில் இருந்தேன். மாமாவுக்குக் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். கோஷ்டிக் கடிதங்களையெல்லாம் நான்தான் எழுதிக் கொடுப்பேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நாலு கட்டை வேணுமாம்பா அந்தம்மாவுக்கு. அது சவுகரியப்படும்னா வர்றேன், இல்லன்னா வேற ஆளப் பாத்துக்குங்கன்னு எழுதியிருக்காங்க. மேடை ஒசரம் பத்தாதுன்னு நெனைக்கிறாங்க போல. முட்டுக் குடுக்கத்தான் கேக்கறாங்க. மரவாடிக்காரன்கிட்ட வந்து கட்டை கேக்கறாங்களே." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கட்டைக்கா நம்மகிட்ட பஞ்சம்?"

நான் கடிதத்தைப் படித்தேன். 'எனக்கு நாலு கட்டை. தங்கள் கோஷ்டிக்கு அது சௌகரியப்படுமா என்று முன்னதாகவே தெரிவிக்கக் கோருகிறேன்' என்று இருந்தது. கட்டை என்றால் சுருதி. ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை, நாலாவது வெள்ளைக் கட்டை நாலு கட்டை. அந்த அம்மாள் தன் குழலின் சுருதியைச் சொல்லியிருந்தாள். நாங்கள் ஒன்று, அவள் நாலு. சங்கீதக்காரன் எவன் கண்ணில் பட்டாலும் அடுத்த நிமிஷம் புரிந்துவிடும். பட்டது என் கண்ணில் மட்டும்தான்.

"மாமா, இது மரக்கட்டை இல்ல" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்தேன். அதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. இதைச் சொன்னால் மாஸ்டர் கோஷ்டியை நாலு கட்டைக்கு மாற்றுவார். மூன்று மாதம் இருக்கிறது. வயலின்காரர்கள் தந்தியை மாற்றிக்கொள்வார்கள். ஆர்மோனியத்துக்கு எந்தக் கட்டையும் ஒன்றுதான். கிளாரினெட்காரர் ஒரு மாதம் முனகிவிட்டு விரலைப் பழக்கிக்கொள்வார். மாற முடியாதது என் பதினாறு கிண்ணம் ஒன்றுதான். சின்னக் கிண்ணமாக வேறு வாங்கலாமென்றால் யுத்தத்துக்குப் பிறகு கடைகளில் பீங்கானே வரவில்லை. மாஸ்டர் எதற்காகக் காத்திருக்கிறாரோ அது தானாக அவர் கையில் வந்து விழும்.

"என்னப்பா யோசிக்கிற? நாலு கட்டை தயார்னு எழுது" என்றார் மாமா.

எழுதினேன். 'தாங்கள் கேட்டபடி நாலு கட்டை தயாராக இருக்கும்.' அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. புல்லாங்குழல்காரர்கள் ஐந்தாறு குழல் வைத்திருப்பார்கள், வந்த இடத்தில் எது பொருந்துகிறதோ அதை எடுத்து வாசிப்பார்கள், ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மை காய்ந்ததும் கார்டைத் தபால் பெட்டியில் நானே போட்டேன்.

மூன்று மாதமும் சங்கராபரணத்தில் இரண்டு உருப்படிகளை ஒரு கட்டையில் வாசித்து வாசித்துத் தேய்த்தோம். மரவாடியில் மரத்தூள் பறந்து என் கிண்ணங்களில் விழும். துணியால் தண்ணீரை வடிகட்டி வடிகட்டி ஊற்றுவேன். நடுவில் ஒரு நாள் மாஸ்டர் கேட்டார், "அந்தம்மா சுருதி என்னான்னு எழுதியிருந்தாங்களா?"

"சுருதியப் பத்தி ஒண்ணும் எழுதலியே" என்றார் மாமா. அவர் அறிந்த வரையில் அது உண்மை.

"அப்ப எல்லா சுருதிக்கும் குழல் வச்சிருப்பாங்க. நாம பாட்டுக்கு வாசிப்போம்."

நான் குனிந்து கிண்ணத்தில் மிதந்த தூளைக் கரண்டியால் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவையும் பேசவில்லை.

மார்கழியில் மாமா ஆசாரியைக் கூப்பிட்டு வைத்து நல்ல தேக்கில் நாலு கட்டை இழைக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், ஒரு சாண் உயரம். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். தேக்கு இழையும்போது வரும் வாசனை எங்கிருந்து வருகிறது, எண்ணெயா, பாலா என்று ஆசாரியை நச்சரித்தேன். மாமா கட்டையின் முனையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "கூர் இல்லாம உருட்டுங்க. அந்தம்மா பொடவ மாட்டிக்கப் போவுது" என்றார். ஆசாரி உருட்டினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொன்னாலும் இன்னும் நாலு வாரம் இருந்தது. சொல்லவில்லை.

கச்சேரி தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில். காலை ரயிலில் போய் அந்த அம்மாளை அழைத்து வருகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவளிடம் எத்தனை குழல் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குப் பல நாளாகச் சோறு இறங்கவில்லை.

சிதம்பரத்தில் கீழவீதியை ஒட்டிய ஒரு சந்தில் வீடு. வாசலில் நின்றால் கோபுரம் பாதி தெரிந்தது. அந்த அம்மாளுக்கு நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. மூக்குத்தி இருந்தது. அவள் கணவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரைமணி முன்னதாகவே தயாராக நின்றார். அவள் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, கோஷ்டியில் யார் யார், என்ன வாத்தியம், யார் நன்றாக வாசிப்பார்கள், யார் கோபக்காரர் என்று வரிசையாகக் கேட்டாள். என்னைப் போல ஒரு ஜன்மம் உலகத்தில் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் அவள் குழலை எடுத்துவரும் வரைக்கும்தான். பழைய பட்டு ரவிக்கைத் துணியில் தைத்த ஒரு மெல்லிய உறை. அதில் ஒரே ஒரு குழல்.

"மத்த கொழலெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"மத்தது ஏது தம்பி? ரெண்டு இருந்துச்சு, வெயில்ல வெடிச்சுப் போச்சு. இது ஒண்ணுதான். இதுதான் என் மூச்சுக்கும் ஒத்து வருது."

பிறகு அவளே சொன்னாள். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு கோஷ்டியோடு வாசிக்கப் போனாளாம். சுருதி முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளாததால் மேடையில் அவர்கள் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கூட்டத்தில் ஒருவன் எழுந்து சொல்லியிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எந்தக் கோஷ்டியோடும் அவள் வாசிக்கவில்லை.

"அதனாலதான் இந்தத் தடவ மொதல்லயே எழுதிக் கேட்டேன். நாலு கட்டை தயார்னு பதில் வந்துச்சு. என்னா அழகான கையெழுத்து. இவ்ளோ கருத்தா எழுதறவங்க காரியத்துலயும் கருத்தா இருப்பாங்கன்னு இவரு சொன்னாரு. அத நம்பித்தான் ஒத்துக்கிட்டேன்."

அவள் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார். மீதிக் காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

ரயிலில் உட்கார்ந்ததும் கணவர் தூங்கிவிட்டார். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரே நான். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னால் பட்டதில்லை. கிள்ளை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி போகும்போது, இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பரங்கிப்பேட்டையில் ஒரு முஸ்லிம் குடும்பம் பெட்டி படுக்கையோடு ஏறியது. பினாங்கிலிருந்து வந்த யாரையோ பார்க்கப் போகிறார்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. வேறு நாளாக இருந்தால் யார், என்ன என்று முழுக்கத் தெரிந்துகொண்டிருப்பேன். அன்றைக்குக் காது அங்கே போகவில்லை. என் விரல்களையே பார்த்துக்கொண்டு கிண்ணங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலு கட்டை என்பது எங்களுடைய ஒரு கட்டைக்கு மத்திமம், அதாவது நாலாவது ஸ்வரம். அப்படியென்றால் அவளுடைய ஸட்ஜம் என் மத்திமக் கிண்ணத்தில் இருக்கிறது. இது எனக்கு மூன்று மாதமாகத் தெரியும். அங்கேயே நின்றுவிட்டேன், அதற்கு மேல் போகவில்லை. இப்போது பயத்தில் மேலே போனேன். என் மத்திமம் அவளுக்கு ஸட்ஜம் என்றால் என் பஞ்சமம் அவளுக்கு ரிஷபம். தைவதம் காந்தாரம். நிஷாதம் மத்திமம், ஆனால் ஒரு படி தூக்கலான மத்திமம். மேல் ஸட்ஜம் அவளுக்குப் பஞ்சமம். விரல் விட்டு எண்ணி முடிக்கும்போது வண்டி ஆலப்பாக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். சந்தேகமே இல்லை. ஒரு கட்டையில் சங்கராபரணத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்த கிண்ணங்கள், ஒரு சொட்டுக் கூட்டாமல் குறைக்காமல், நாலு கட்டையில் கல்யாணி.

இது பெரிய வித்துவான்களுக்குத் தெரிந்த விஷயம்தான். எனக்குத் தெரியாது. என் வீட்டில் பத்து வருஷமாக இருந்த கிண்ணங்களில் இன்னொரு ராகம் இருந்திருக்கிறது. வெட்கம், பயம் எல்லாவற்றையும் மீறி, உடனே தட்டிப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது.

"கல்யாணி வாசிப்பீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஏன் தம்பி?"

"சும்மாதான் கேட்டேன்" என்றேன். அப்போதும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போது அந்த 'சும்மா'வைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பள்ளிக்கூடக் கூடத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். கும்பிடு போட்டு, மோர் கொடுத்து, அந்த அம்மாள் உட்கார்ந்தாள். ஆர்மோனிய வாத்தியார் ஒரு கட்டையை அழுத்திச் சுருதி கூட்டினார். அவள் குழலை உதட்டில் வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"இது ஒண்ணு. எனக்கு நாலு. எழுதியிருந்தேனே."

மாஸ்டர் மாமாவைப் பார்த்தார். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நாலும் தயாரா இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் போய், வழவழவென்று மெழுகு பூசிய நாலு தேக்குக் கட்டைகளையும் இரண்டு கையிலும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

முதலில் மிருதங்கக்காரர் சிரித்தார். அப்புறம் எல்லாரும். மாமாவும் என்னவென்று புரியாமல் கொஞ்சம் சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை. கட்டைக்கும் சுருதிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைச் செயலாளராக வைத்தது தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டிய காரியம் என்று குச்சியை ஆட்டி ஆட்டிக் கத்தினார். அப்போதுதான் மாமாவுக்குப் புரிந்தது. கட்டைகளைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார். அந்த அம்மாளும் சிரிக்கவில்லை. குழலை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் குடையை எடுத்துக்கொண்டார்.

பேச வேண்டிய நேரம் அது. பேசவும் பேசினேன். ஆனால் வேறு பேச்சு.

"மாஸ்டர், என் கிண்ணத்துல அவுங்க சுருதிக்குக் கல்யாணி வரும்."

"கிண்ணம், நீ சும்மா இரு மேன்."

நான் என் மத்திமக் கிண்ணத்தைத் தட்டினேன். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். உறையிலிருந்து குழலை உருவி ஸட்ஜத்தை ஊதினாள். ஆர்மோனிய வாத்தியார் ஒரு கட்டையை விட்டுவிட்டு நாலாவது கட்டையை அழுத்தினார். மூன்றும் ஒன்றாக இருந்தன. அங்கிருந்து மேலே ஒவ்வொரு கிண்ணமாகத் தட்டிக்கொண்டே போனேன். அவள் ஒவ்வொரு ஸ்வரமாகக் கூடவே வந்தாள். மேல் ஸட்ஜம் போய்ச் சேர்ந்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரயிலில் கேட்ட கேள்வி அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கச்சேரியில் கோஷ்டி முதலில் தனியாக ஒரு கட்டையில் வாசித்தது. பிறகு அவள் குழல், என் கிண்ணம், மிருதங்கம், ஆர்மோனியத்தில் சுருதி. ஒத்திகை பார்க்காத கல்யாணி. அவள் ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்துவாள், நான் அதைக் கிண்ணத்தில் தேடிப் பிடிப்பேன். தேடியது கிடைக்கும்போதெல்லாம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கையும் கண்ணும் நிஷாதம் என்று பழகி வைத்திருந்த கிண்ணம் வேறு ஸ்வரமாகக் கேட்டது. கூட்டத்தில் ஒரு இருமல்கூட இல்லை. ஒருவரும் எழுந்து ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும் அவள் கணவர் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டர் மேடையிலேயே என் முதுகில் தட்டினார்.

"கிண்ணம் இருக்கட்டும் மேன்" என்றார்.

மாமா கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரமாக நின்றிருந்தார். நன்றி சொல்லும்போது அவர் பெயரைச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். கூட்டம் கலையும்போது யாரோ "நாலு கட்டை எங்கப்பா?" என்று கேட்க, இன்னொருவர் அவர் பக்கம் கைகாட்டினார்.

மறுநாள் காலை கச்சேரிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ரயிலேற்றிவிடப் போனேன். கணவர் டிக்கெட் வாங்கப் போயிருந்தார். அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

"தெரியும்மா. அந்தக் கார்டு எழுதினதே நான்தான்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் சொன்னது, கிண்ணம் போய்விடும் என்று பயந்தது, ஒன்று விடாமல்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நாங்க ஒண்ணு, என்கிட்ட கிண்ணம் இருக்குது, என்னா பண்ணலாம்னு எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கலாமே தம்பி. கல்யாணி வச்சுக்கலாம்னு மறு தபால்லயே எழுதியிருப்பேன். அத்தன பேரும் மூணு மாசம் கல்யாணியே ஒத்திக பாத்திருக்கலாம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. கண்டதையும் கேட்டுத் திரிகிற நான், அவளிடம் அந்த ஒன்றைக் கேட்கலாம் என்று நினைக்கவே இல்லை. வண்டி வந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக, "அந்த மரவாடிக்காரருகிட்டயும் சொல்லிடுங்க" என்றாள்.

நேராக மரவாடிக்குப் போனேன். மாமா சவுக்குக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆசாரி எழைக்கும்போது நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன் மாமா."

"தேக்கு வாசனையப் பத்திக் கேட்டுக்கிட்டு இருந்த."

"ஆமா மாமா." எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னைக்கே மாஸ்டருகிட்ட சொல்லிடறேன். தப்பு ஒங்களுது இல்லன்னு எல்லாருகிட்டயும் சொல்லிடறேன்."

மாமா ஒரு சவுக்குக் கழியை எடுத்துக் கட்டோடு சேர்த்து வைத்தார்.

"சொல்லாத. சொன்னா ஒன்ன வெளிய அனுப்பிடுவாரு. என்னப் பாத்து சிரிக்கறவங்க நேத்தே சிரிச்சு முடிச்சுட்டாங்க. எனக்கு என்னா சங்கீதமா தெரியும், போறதுக்கு? நீ வாசி."

அடுத்த மாதம் வேறு செயலாளர் வந்தார். ஒத்திகைக்கு இடம் மட்டும் மாமாதான் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டாம் என்றாரே என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கோஷ்டியில் பதினெட்டு வருஷம் வாசித்தேன். முதுநகரில் அவர் சாகும் வரைக்கும் அவருக்கு நாலு கட்டை என்றுதான் பெயர். சின்னப் பிள்ளைகள்கூட ஏன் என்று தெரியாமலே அப்படிக் கூப்பிட்டார்கள். ஒருமுறை ஒத்திகைக்கு நடுவில் அவர் மரவாடிக்குள் நுழைந்தபோது கிளாரினெட்காரர், "நாலு கட்டை வருது, சுருதி சேத்துக்குங்கப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா என்னைத்தான் பார்த்தார்.